லைனில் கல்கத்தாவிலிருந்து ஒரு நேயர்

செட்டாப் பாக்ஸை மாட்டி முடித்துவிட்டு, எங்கள் கேபிள்காரர் டீயை ஊதி ஊதிக் குடித்தபடி சொன்னார்: "தீதி, இனிமே என்னோட சண்டை போட உங்களுக்கு ஒரு காரணமும் இல்ல. தமிழ்லயே எத்தனை சேனல் வருது பாருங்க." தீதி என்றால் வங்காளியில் அக்கா. ரிமோட்டை அமுக்கி அமுக்கிக் காட்டினார். சமையல், சீரியல், செய்தி, பாட்டு, மறுபடி பாட்டு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த மனுஷரோடு நான் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமா? ஒரே ஒரு தமிழ் சேனல், அதுவும் வாரத்துக்கு மூன்றே மணி நேரம், அதற்காக இந்தக் கல்கத்தாவில் டாக்குரியா ஸ்டேஷன் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தியிருக்கிறேன். ஏன் அப்படிக் கத்தினேன் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. என்னை ஒரு சினிமாப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைத்துவிட்டுப் போகட்டும்.

விஷயம் வேறு. எங்க அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்.

நாங்கள் தென்காசிப் பக்கத்து ஆட்கள். அப்பாவுக்குக் கல்கத்தா துறைமுகத்தில் வேலை. எனக்கு ஆறு வயதில் என்னையும் அம்மாவையும் ரயிலேற்றி இங்கே கூட்டி வந்தார். டாக்குரியாவில் வாடகை வீடு, வங்காளிப் பள்ளிக்கூடம், வங்காளித் தோழிகள். வீட்டுக்குள் மட்டும் தமிழ். வீட்டுக்கு வெளியே தமிழைக் கேட்க வேண்டுமென்றால் லேக் மார்க்கெட்டில் காப்பிப் பொடி வாங்கப் போக வேண்டும். டிவி என்று ஒன்று வந்த பிறகும் பெரிய மாற்றமில்லை. அரசாங்க டிவியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒவ்வொரு வாரமும் ஒரு மாநிலத்துப் படம் போடுவார்கள். தமிழுக்கு முறை வருவதற்குள் நான் ஒரு வகுப்புத் தாண்டிவிடுவேன். வருகிற அன்றைக்குப் பார்த்து ஆன்டெனா திரும்பிக்கொள்ளும். அப்பா மொட்டை மாடியில் நின்று அதைத் திருப்புவார், நான் ஜன்னலில் நின்று கத்துவேன். "வந்துட்டு! ஐயோ போயிட்டு! கொஞ்சம் இந்தப் பக்கம்!" "எந்தப் பக்கம்ட்டி? பக்கத்தைச் சொல்லிக் கத்து!" கீழ்வீட்டு மாஷிமா, எங்கள் வீட்டுச் சொந்தக்காரம்மா, நாங்கள் அடித்துக்கொள்கிறோம் என்று பயந்து ஒருநாள் ஓடியே வந்துவிட்டாள். எங்களுக்கு அதுதான் சாதாரணப் பேச்சு.

அப்பா ஓய்வு பெற்று அம்மாவோடு தென்காசிக்குத் திரும்பினார். எனக்கு அலிப்பூரில் ஒரு ஆபீசில் வேலை கிடைத்திருந்ததால் நான் இங்கேயே தங்கினேன். எனக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தவரையே கட்டிக்கொண்டேன். வங்காளி. சாது. கோபம் என்றால் என்ன என்று என்னைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன், கல்யாணத்துக்குக் கூப்பிட்டேன். பதில் இல்லை, ஆளும் வரவில்லை. அம்மா மட்டும் சனிக்கிழமை சாயங்காலம் என் போனை எடுத்துப் பேசுவாள். அப்பா எங்கே என்று கேட்டால், "போன் மணி அடிச்ச உடனேயே எந்திரிச்சு வெளியே போயிட்டாவ" என்பாள். வாராவாரம் இதே பதில். மூன்று வருஷம்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. போகட்டுமே, எனக்கென்ன என்று வீறாப்பாகத்தான் இருந்தேன். ஆனால் மார்க்கெட்டில் நல்ல முருங்கைக்காய் கண்ணில் பட்டால்கூட வாங்காமல் நகர்ந்துவிடுவேன். அப்பாவுக்கு முருங்கைக்காய் என்றால் உயிர். இந்த ஊர்க்காரர்கள் அதைத் தோல் சீவிக் கடுகு அரைத்துப் போட்டு என்னமோ செய்வார்கள். அதற்கும் அப்பா சண்டை பிடிப்பார்.

அப்போதுதான் ஒரு சனிக்கிழமை அம்மா ஒரு செய்தி சொன்னாள். தென்காசி வீட்டில் கேபிள் இழுத்திருக்கிறார்கள். சினிமாப் பாட்டென்றால் முகம் சுளிக்கிற அப்பா, ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணியானால் டிவி முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாராம். நேயர்கள் போன் போட்டுப் பேசி, பிடித்த பாட்டைக் கேட்கிற நேரலை நிகழ்ச்சி. பாட்டுக்காக இல்லை, போன் பண்ணுகிறவர்களை ஏசுவதற்காக. "இந்தச் சாத்தூர்க்காரன் போன வாரமும் வந்தாம்லா! இவனுக்கு மட்டும் எப்பிடி லைன் கிடைக்கு?" என்று திட்டித் திட்டியே ஒரு மணி நேரம் போய்விடுமாம். இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாராம்.

எனக்கு அன்று தூக்கம் போச்சு. ஞாயிறு பதினோரு மணிக்கு அப்பா எங்கே இருப்பார், எதைப் பார்ப்பார் என்பது இப்போது எனக்குத் தெரியும். அதே நேரத்தில், அதே முகத்தை, அதே பாட்டை நானும் பார்த்தால்? ஆயிரம் மைலுக்கு மேல் தள்ளி உட்கார்ந்துகொண்டு அவரோடு சேர்ந்து டிவி பார்த்த மாதிரி ஆகும். பைத்தியக்காரத்தனம்தான். இருக்கட்டும், எனக்கு அது வேண்டும்.

மறுநாளே கேபிள் தாதாவிடம் போனேன். இங்கே தாதா என்றால் அண்ணன், பயப்பட வேண்டாம். ஒரு பழைய கராஜில் அவர் ராஜ்ஜியம். இரும்பு அலமாரி நிறையப் பெட்டிகள், ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு பெட்டி. சூடு தாங்காமல் இரண்டு டேபிள் ஃபேன் அவற்றுக்கு மட்டும் சுற்றும். அவர் விசிறியால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாடியில் மாவு சலிக்கிற சல்லடை மாதிரி ஒரு பெரிய டிஷ். "மத்ராசி சேனல்தானே? கவலையை விடுங்க தீதி, நாளைக்கே போடறேன்" என்றார். போட்டார். நானும் என் வீட்டுக்காரரும் காப்பியும் கையுமாக உட்கார்ந்தோம். திரையில் உருண்டை உருண்டையாக எழுத்து. தெலுங்கு!

விடுவிடுவென்று கராஜுக்குப் போய்க் கேட்டால், அவர் கொஞ்சமும் அசரவில்லை. "ஏன், அதுலயும் பாட்டு வருதே? நல்லா ஆடறாங்களே?"

"தாதா, உங்களுக்கு ஒடியா சேனல் போட்டுட்டு இதுதான் வங்காளின்னு சொன்னா ஒத்துக்குவீங்களா?"

இது அவருக்கு உறைத்தது. முகம் மாறிவிட்டது. உடனே வேலூர்க் கதையை எடுத்தார். அவருடைய அம்மாவைச் சிகிச்சைக்கு வேலூருக்குக் கூட்டிப்போய் நாற்பது நாள் தங்கினாராம். இந்த ஊரில் வீட்டுக்கு ஒருத்தராவது வேலூர் போய் வந்திருப்பார்கள். "தண்ணி, சாப்பாடு, டோக்கன் எங்கே, எல்லாம் எனக்குத் தமிழ்ல தெரியும்" என்றார். தெரிந்தால் சேனலைப் போட வேண்டியதுதானே? அதற்குத் தனியாக ஒரு பெட்டி வேண்டுமாம். அதிகப்படியாக இருக்கிற ஒரே பெட்டியில் கால்பந்து ஓடுகிறது; ஆட்டமில்லாத நேரத்தில் தெலுங்கைப் போட்டதும் அதில்தானாம், நான் சத்தம் போட்டதும் அதை நிறுத்திவிட்டார். கால்பந்தை நிறுத்தினால் தெருவே அவரை உரித்துவிடும். "எத்தனை மத்ராசி வீடு இருக்கு, கையெழுத்து வாங்கிட்டு வாங்க, பார்ப்போம்."

வாங்கினேன். ஆபீஸ் விட்டு வந்து வீடு வீடாக ஏறி இறங்கினேன். எங்கள் வட்டாரத்தில் தமிழ்க் குடும்பம் மொத்தம் நாலுதான் தேறியது. அதில் ஒரு வீட்டுப் பிள்ளைகள், "ஆன்ட்டி, கார்ட்டூன் போயிடுமா?" என்று வங்காளியில் கேட்டு என்னை நோகடித்தன. பிறகு மூன்று மலையாளிகள், "சரி, போட்டுத் தொலைக்கிறோம்" என்று போட்டார்கள். தெலுங்குக்காரர் ஒருவர் தன் சேனலை நான்தான் நிறுத்தினேன் என்று தெரியாமல் போட்டார். வேலூரில் பிழைத்து வந்த ஒரு வங்காளிப் பெரியவர், "அந்த ஊர் பாஷைக்கு என் உயிரையே எழுதித் தருவேன்" என்று பெரிசாகக் கையெழுத்துப் போட்டார். தாளைக் கொண்டுபோய் நீட்டினேன். கேபிள் தாதா ஒவ்வொரு பேராகப் படித்தார், என் முகத்தைப் பார்த்தார், தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பத்திலிருந்து ஒரு மணி வரை பெட்டி என்னுடையது. அந்த நேரத்தில் கால்பந்து கிடையாது என்பதுதான் காரணம், என் மேல் பிரியம் ஒன்றுமில்லை.

முதல் ஞாயிறு பதினோரு மணி. பட்டுச் சேலை கட்டிய ஒரு பெண், "வணக்கம் நேயர்களே" என்றாள். நான் குனிந்து உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்காரர் பதறிப்போய், "பாட்டு அவ்வளவு சோகமா?" என்று கேட்டார். பாட்டே இன்னும் ஆரம்பிக்கவில்லை. சாத்தூர்க்காரர் வந்தார். நிஜமாகவே வந்தார்! அதே ஆள்தான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இந்நேரம் தென்காசியில் நாற்காலியில் ஒருத்தர் தொடையில் தட்டித் திட்டிக்கொண்டிருப்பார் என்று நினைக்க நினைக்கச் சிரித்தேன். எத்தனை காலத்துக்கப்புறம் அவரோடு சேர்ந்து ஒரு விஷயத்துக்குச் சிரித்தேன் தெரியுமா?

இரண்டு மாசம் இதிலேயே ஓடியது. அப்புறம் ஆசை யாரை விட்டது? வெறுமனே பார்த்தால் போதுமா, பேசினால் என்ன? வீட்டுப் போனுக்குத்தான் அவர் எழுந்து போய்விடுகிறார். டிவிக்குள்ளிருந்து நான் பேசினால் எங்கே போவார்? சாத்தூர்க்காரர் எனக்கு வழிகாட்டினார் என்றே சொல்ல வேண்டும்.

பேச வேண்டியதைத் தாளில் எழுதினேன். "அன்புள்ள அப்பா, என் மேல் உள்ள வருத்தத்தை மறந்து என்னை மன்னிக்க வேண்டும்" என்று தொடங்கி, நடுவில் கொஞ்சம் பணிவு, கடைசியில் கொஞ்சம் கண்ணீர். வங்காளியில் மொழிபெயர்த்துச் சொன்னபோது என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவ்வளவு நன்றாக வந்திருந்தது. தினமும் குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன்.

ஆனால் லைன் கிடைக்க வேண்டுமே! திரையில் நம்பர் வந்ததும் டயல் செய்வேன், எங்கேஜ் டோன். மறுபடி, எங்கேஜ் டோன். என் விரல் வலித்ததும் வீட்டுக்காரர் ரீடயல் பொத்தானைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ஞாயிறு காலை மீன் வாங்கப் போகாத வங்காளியைப் பார்த்திருக்கிறீர்களா? இவர் எனக்காகப் போகாமல் இருந்தார். ஆறு ஞாயிறு. ஏழாவது ஞாயிறு, சாத்தூர்க்காரர் பேசி முடித்த அடுத்த நொடி, மணி போனது. யாரோ எடுத்தார்கள். வீட்டுக்காரர் ரிசீவரைத் தீயைத் தொட்டவர் மாதிரி என் கையில் திணித்தார்.

"எந்த ஊர் மேடம்? கல்கத்தாவா! லைன்லயே இருங்க."

இருந்தேன். தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டேன். திடீரென்று அந்தப் பட்டுச் சேலைப் பெண்ணின் குரல் காதுக்குள்ளேயே கேட்டது. "ஹலோ, கல்கத்தாவிலிருந்து ஒரு நேயர்! சொல்லுங்க!"

"வணக்கம்" என்றேன். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு நொடி கழித்து டிவிக்குள்ளிருந்து வேறொருத்தி "வணக்கம்" என்றாள். கீச்சுக் குரல். யாருடா இவள் என்று பார்த்தால், நான்தான். என் குரல் வானத்துக்குப் போய்த் திரும்பி வருகிற நேரம் அது என்று பின்னால் கேபிள் தாதா விளக்கினார். அந்த நேரத்தில் விளக்கம் யாருக்கு வேண்டும்? நான் ஒன்று சொல்ல, அவள் பின்னாலேயே ஒன்று சொல்ல, தாளில் எந்த வரியில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை.

"உங்க டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க மேடம்."

நான் வீட்டுக்காரருக்குக் கையைக் கீழே கீழே ஆட்டிக் காட்டினேன். அவர் என்ன நினைத்தாரோ, பதற்றத்தில் சத்தத்தைக் கூட்டிவிட்டார். வீடே அதிர்ந்தது. எனக்குத் தலைக்கு ஏறியது. ஓடிப்போய் டிவியின் ஒயரையே பிடுங்கினேன். மூச்சு வாங்கத் திரும்பி வந்தால் தாளைக் காணோம். ஃபேன் காற்றில் கட்டிலுக்கடியில் போயிருந்தது.

"இந்தப் பாட்டு யாருக்காகக் கேக்கறீங்க?"

"எங்க அப்பாவுக்கு. தென்காசியில இருக்காங்க. இப்ப பார்த்துக்கிட்டு இருப்பாங்க."

"ஆஹா! அப்பான்னா ரொம்பப் பிரியமா? அவங்களும் உங்க மேல ரொம்பப் பாசமா இருப்பாங்க, இல்லையா?"

பாவம், அந்தப் பெண் எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வி என்னை எங்கோ போய்க் குத்தியது. எழுதியது, மனப்பாடம் பண்ணியது, பணிவு, கண்ணீர் எல்லாம் போன இடம் தெரியவில்லை.

"பாசமா? நீங்க வேற! மூணு வருசமா எங்கூட ஒரு வார்த்தை பேசல அந்த மனுசன்! போன் அடிச்சா எந்திரிச்சுக் கொல்லைப்பக்கம் ஓடிருதாவ! நான் என்ன கொலையா செஞ்சேன்? கல்யாணம்தானே செஞ்சேன்! ஏப்பா, ஆறு வயசுல என்னை ரயிலேத்திக் கல்கத்தாவுக்குக் கூட்டிட்டு வந்தது யாரு? இங்கயே படிக்க வச்சு, இங்கயே வேலைக்கு அனுப்பிட்டு, பொறவு குத்தாலத்துல போயா மாப்பிள்ளை தேடுவேன்? ஒரு தடவை வந்து அவரைப் பாருங்க, பாத்துட்டு ஏசுங்க! பாக்காமலே முகத்தைத் திருப்பினா என்ன நியாயம்? உங்களுக்குக் கொஞ்சமாவது கூறு இருக்கா?"

தமிழ்நாடு முழுக்க. நேரலையில். வெட்டி ஒட்ட வழியில்லாத நேரலையில்.

அந்தப் பெண், "ம்... சரி..." என்று இழுத்தாள். பிறகு, "அப்பா... கேட்டுக்கிட்டு இருப்பாங்கன்னு நம்புவோம். இதோ உங்களுக்காக ஒரு இனிய பாடல்" என்றாள். நான் எந்தப் பாட்டும் கேட்கவே இல்லை. லைன் கட்டானது.

ரிசீவரை வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் ஆவலாக, "நன்றாகச் சொன்னாயா? மன்னிப்புப் பகுதி வந்ததா?" என்று கேட்டார். சொன்னதை அப்படியே வங்காளியில் சொன்னேன். அவரும் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தென்காசியில் எங்கள் தெருவில் அந்த நிகழ்ச்சியைப் பார்க்காத வீடு கிடையாது. சித்தப்பா வீடு, அத்தை வீடு, அப்பாவோடு சீட்டாடுகிறவர்கள் வீடு எல்லாரும் பார்த்திருப்பார்கள். இருந்த ஒரு நூலையும் நானே அறுத்துவிட்டேன். சனிக்கிழமை அம்மாவும் இனிப் போனை எடுக்க மாட்டாள் என்று தோன்றியது.

போன் அடித்தது.

நான் எடுக்கவில்லை. வீட்டுக்காரர் எடுத்து, "ஹலோ" என்றார். அடுத்த நொடி ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். அந்தத் தூரத்திலிருந்தே எனக்குக் கேட்டது.

"ஏட்டி! எங்க அவ? போனைக் குடுங்க அவகிட்ட!"

பிடுங்கி வாங்கினேன்.

"ஊரு உலகம் பூராக் கேக்க அப்பனை ஏசுத! எதிர்த்த வீட்டுக்காரன் வந்து சன்னல்ல எட்டிப் பாக்கான்! அந்தச் சாத்தூர்க்காரன்கூட உன்னைவிட மரியாதையாப் பேசுதான்! என்னத்தைட்டி வளத்தேன் உன்னை?"

"மூணு வருசம் பேசாம இருந்தா மரியாதையா வரும்? ஏச்சுதான் வரும்!"

"எதுத்துப் பேசாத! அதுவும் பொய்யி! நான் எப்பட்டி கொல்லைப்பக்கம் போனேன்?"

"அம்மா சொன்னா, வெளியே போயிருதீங்கன்னு!"

"வெளியதான் போவேன். கொல்லைக்கு எதுக்குப் போவேன்? அங்கன போனா என்ன கேக்கும்? வாசப்பக்கம் சன்னல்கிட்டல்லா நிப்பேன்! போனு சன்னலை ஒட்டித்தான இருக்கு. உங்கம்மா நீ சொல்லுத ஒவ்வொண்ணையும் ஆங், அப்படியா, ஆங்னு திருப்பிச் சொல்லுவால்லா, அங்கன நின்னாத்தான் முழுசாக் காதுல விழும்."

ஆயுசிலேயே முதல் தடவையாக அப்பாவோடு போட்ட சண்டையில் நான் தோற்றுப்போனேன். ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அப்பா, லைன்ல இருக்கீங்களா?" என்றேன்.

"இருக்கேன், இருக்கேன்" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். குரல் தணிந்திருந்தது. "நேத்து சொன்னியே, மாப்பிள்ளைக்குக் கடைவாய்ப் பல்லு வலின்னு. இப்பம் தேவலையா?"